டோக்கன் இல்லாத அசனம்

ஐயரைப் பாக்கவா வந்திய? இல்லையே அண்ணாச்சி. வடக்குத் தெருவுல ஒரு அம்மா இடுப்பை ஒடிச்சிக்கிட்டுக் கெடக்கு, ஜெபம் பண்ணப் போயிருக்காரு. ஜெபம் முடிஞ்ச உடனே வந்துருவாருன்னு நினைக்காதிய. அந்த வீட்டுக் குடத்துல தண்ணி இருக்கான்னு எட்டிப் பாப்பாரு. இல்லைன்னா குடத்தைத் தூக்கிக்கிட்டுக் குழாயடி வரிசையில போய் நிப்பாரு. ஒரு சபைக் குருவானவர், இடுப்புல குடத்தோட. வர அஞ்சரை மணி ஆகும். உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க.

எந்த ஊரு? ஆலடிவிளையா. அங்க சபையில என்னவா இருக்கிய? கமிட்டி மெம்பர். சரி. விளங்கிட்டு. எங்க ஐயருக்கு உங்க ஊருக்கு மாறுதல் போட்டிருக்காவ, ஆளு எப்படின்னு முன்கூட்டியே விசாரிச்சிட்டுப் போவோம்னு வந்திருக்கிய. செய்ய வேண்டியதுதான். ஒரு பசுமாடு வாங்குறதுக்கே நாலு பேருகிட்ட கேக்கோம்.

நீங்க சரியான ஆளுகிட்டதான் வந்திருக்கிய. என் பேரு எலியாசர். கவர்மெண்ட் பஸ்ல முப்பத்தொரு வருஷம் கண்டக்டர். ரிட்டயர்டு ஆகி எட்டு வருஷம் ஆச்சு. இந்தச் சபைக் கமிட்டிக்குச் செயலர் பதினஞ்சு வருஷமா நான்தான். ஒரு மனுஷனைப் பத்தி நல்லதையும் கெட்டதையும் நடுநிலையா சொல்லணும்னா இந்த ஊர்ல என்னை விட்டா ஆளு கிடையாது. எனக்கு யாரு மேலயும் கோவம் கிடையாது. மொத கெட்டதைச் சொல்லுதேன். நல்லது இருந்தா பொறவு பாப்போம்.

பேரு அருமைநாயகம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வந்த மொத வாரம் பிரசங்கம், தேவனுடைய ராஜ்யம். நல்லாத்தான் இருந்துது. ரெண்டாவது வாரம், தேவனுடைய ராஜ்யம். மூணாவது வாரம் கடுகு விதை. சரி, மாத்திட்டாருன்னு நிமிந்து உக்காந்தேன். கடைசியில பாத்தா கடுகும் ராஜ்யம்தானாம். நாலாவது வாரம் புளிச்ச மாவு. அதுவும் ராஜ்யம். என் வீட்டுக்காரி ஞானக்கனிகிட்ட சொன்னேன், இந்த மனுஷனுக்கு வேற பிரசங்கம் கைவசம் இல்ல போலன்னு. அவ சொல்லுதா, ‘உங்களுக்கு விளங்குற வரைக்கும் சொல்லுவாரா இருக்கும்.’ அவ பேச்சு அப்படித்தான்.

எனக்கு என்ன விளங்கணும்? ராஜ்யம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? டவுசர் போட்ட வயசுல இருந்து தெரியும். ராஜ்யம்னா மோட்சம். மேல இருக்கு. செத்த பொறவு போறது. ஞானஸ்நானம் எடுத்தாச்சு, திடப்படுத்தல் எடுத்தாச்சு, குடி கிடையாது, பீடி கிடையாது, ஞாயித்துக்கிழமை தவறாம கோயில். டிக்கெட் கையில இருக்கு. அங்க நம்ம சீட்டு நமக்காகக் காலியா கெடக்கும். ரிசர்வேஷன் மாதிரி வச்சிக்கிடுங்க. ஜன்னலோரம்னே நான் நினைச்சிருந்தேன்.

ஐயர் சொல்லுதாரு, ராஜ்யம்ங்கிறது நீங்க செத்துப் போய்ச் சேர்ற ஊரு இல்ல, அது உங்களைத் தேடி வர்ற ஆளுகைன்னு. ராஜா என்ன நினைக்காரோ அது எங்க நடக்குதோ அங்க ராஜ்யம் தொடங்கிட்டாம். கடுகு மாதிரி கண்ணுக்குத் தெரியாம தொடங்குமாம். மாவுல புளிப்பு சத்தமில்லாம ஏறுற மாதிரியாம். ‘தொடங்கிட்டு, ஆனா முழுசா வந்து முடியலை’ன்னு சொன்னாரு பாருங்க, அங்கதான் எனக்குப் பொறுக்கலை.

ஆராதனை முடிஞ்சி வாசல்ல வச்சிக் கேட்டேன். ‘ஐயரே, வந்துட்டா, வரலையா? பஸ் வந்துட்டுன்னா வந்துட்டு, வரலைன்னா வரலை. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு உண்டா?’

அவரு சிரிச்சிக்கிட்டே, ‘பஸ் இன்னும் ஸ்டாண்டுக்குள்ள திரும்பலை. ஆனா ஹாரன் சத்தம் கேக்குது. நீங்க பையைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிர மாட்டீங்களா, செயலர்?’னாரு.

என் தொழில்லயே வந்து எனக்கு உதாரணம் சொல்லுதாரு. என்ன தைரியம் பாருங்க. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிச்ச பொறவுதான் பதில் தோணிச்சி. பையை எடுத்துட்டு ஓடி ஏறுனா இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு வரும்னு சொல்லியிருக்கணும். அதுக்குள்ள அவரு அடுத்த தெருவுக்குப் போயிட்டாரு.

இதெல்லாம் சின்ன விஷயம். பெருசு அசனத்துல வந்துச்சு.

உங்க ஊர்லயும் அசனம் உண்டுல்லா? கோயில் பிரதிஷ்டையான நாள்ல சபையெல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது. எங்களுக்கு ஆவணி மாசம். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். முன்ன ஒழுங்கே கிடையாது. யாரு வாரா, யாரு போறான்னு தெரியாது, வந்தவன் வந்த இடத்துல உக்காருவான். நான் செயலரா வந்த மொத வருஷமே டோக்கன் கொண்டு வந்தேன். செகப்பு டோக்கன் மொதப் பந்தி. மஞ்சள் ரெண்டாவது. வெள்ளை மூணாவது. செகப்பு யாருக்குன்னு கமிட்டி தீர்மானிக்கும். கமிட்டின்னா நான்தான்னு வச்சிக்கிடுங்க. வாசல்ல நானே நிப்பேன், டோக்கனை வாங்கி ஒரு ஓரத்தைக் கிழிச்சிக் கையில குடுப்பேன். போன வருஷம் வரைக்கும் டோக்கன் இல்லாம ஒருத்தன் உள்ள போனதில்ல.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு நாப்பது வீடு இருக்கு. அவங்களும் நம்ம சபைதான். அவங்களுக்கு டோக்கன் கிடையாது. எதுக்கு வீணா வெயில்ல வந்து நிக்கணும்? மூணு பந்தியும் முடிஞ்ச பொறவு தூக்குவாளி கொண்டு வந்தா ஊத்திக் குடுத்து அனுப்பிருவோம். அதே கறிதான். அதே குழம்புதான். எங்ககிட்ட வித்தியாசம்ங்கிற பேச்சே கிடையாது, பாத்துக்கிடுங்க.

மொத வருஷம் ஐயர் இதையெல்லாம் சும்மா பாத்துக்கிட்டு நின்னாரு. ரெண்டாவது வருஷம், அதாவது போன ஆவணி, கமிட்டியில வச்சிக் கேட்டாரு.

‘இந்த வருஷம் டோக்கன் வேண்டாமே, செயலர். எல்லாரும் ஒண்ணா உக்காரட்டும்.’

‘ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா ஐயரே?’

‘ராஜ்யம் வரணும்னு தினமும் ஜெபிக்கிறோம். ஒரு நாள் நெசமாவே வந்து வாசல்ல நின்னா என்ன செய்வீங்க?’

‘டோக்கன் இருக்கான்னு கேப்பேன்’னேன்.

எல்லாரும் சிரிச்சாவ. ஓட்டு எடுத்தோம், டோக்கன் ஜெயிச்சிட்டு. ஐயரும் சரின்னுட்டாரு. அதோட விட்டாரா? அசனத்துக்கு முந்துன ஞாயித்துக்கிழமை பிரசங்க மேடையில ஏறி, விருந்துக் கதையை எடுத்துட்டாரு. ஒருத்தன் பெரிய விருந்து வச்சி ஆளுகளைக் கூப்பிட்டு விடுதான். ஒருத்தன் நிலம் வாங்கியிருக்கேன், போய்ப் பாக்கணும்ங்கான். நியாயம்தானே. வில்லங்கம் பாக்காம விட முடியுமா? இன்னொருத்தன் மாடு வாங்கியிருக்கேன், ஏர்ல பூட்டிப் பாக்கணும்ங்கான். அதுவும் நியாயம். ஒருத்தன் இப்பதான் கல்யாணம் முடிச்சேன்ங்கான். அவனையும் குத்தம் சொல்ல முடியாது. விருந்து வச்ச மனுஷனுக்குக் கோவம் வந்து, தெருவுல கெடக்கவன், நொண்டி, குருடன், வேலியோரம் நிக்கவன், எல்லாரையும் கூட்டிட்டு வான்னு வேலைக்காரனை அனுப்புதான். ராஜ்யம் இந்த மாதிரிதான்னு சொல்லிட்டு ஐயர் ஒரு வார்த்தை சொன்னாரு.

‘இந்த விருந்து வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவர் கிடையாது.’

கோயில்ல அத்தனை தலையும் திரும்பி என்னைப் பாத்துது. பெண்கள் பக்கம் யாரோ சிரிச்சாவ. யாரோ என்ன, ஞானக்கனிதான். முப்பத்தியாறு வருஷம் கூட வாழ்ந்தவன், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

அன்னைக்கு மத்தியானமே பிஷப் இருக்கிற திருமண்டல ஆபீஸுக்கு ஒரு மனு போச்சு. யாரு எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது. நல்ல கையெழுத்து. மூணு பக்கம். ஐயர் சபை ஒழுங்கைக் கெடுக்காரு, பெரியவங்களை மேடையில வச்சிக் கேலி பண்ணுதாரு, குடம் தூக்குதாரு, இவரை வேற சபைக்கு மாத்தணும்னு. மூணாவது பக்கத்துல நான் — எழுதினவன் — நல்ல வேத வசனம் ரெண்டு போட்டு முடிச்சிருந்தான்.

அசனத்தன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு வாசல்ல நிக்கேன். செகப்பு டோக்கன் ஆளுகள்லாம் வந்தாச்சு. ரைஸ்மில் செல்வின் அண்ணாச்சி குடும்பத்தோட வந்து நிக்காரு, வெள்ளை வேட்டி சட்டை. குழம்பு வாசனை தெருவெல்லாம் மணக்கு. நான் மொத டோக்கனைக் கையில வாங்குதேன். திடீர்னு அந்தப் பேச்சு ஞாபகம் வந்துச்சி. டிக்கெட் கிழிக்கிறவர் கிடையாதாம். சரி, கிடையாது. நீரு சொன்னதை நானே செஞ்சி காட்டுதேன், என்ன ஆகுதுன்னு உம்ம கண்ணாலயே பாரும். அண்டாவுல சோறு காலியாகும், செகப்பு டோக்கன் வச்சவன் பட்டினி நிப்பான், ஊரே உம்ம சட்டையைப் பிடிக்கும். அப்ப தெரியும், ராஜ்யம் பிரசங்கத்துக்கு லாயக்கா, பந்திக்கு லாயக்கான்னு. டோக்கனைச் செல்வின் அண்ணாச்சி கையிலயே திருப்பிக் குடுத்துட்டு விறுவிறுன்னு பஸ் ஸ்டாண்டைப் பாத்து நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டு இங்கேருந்து கூப்பிடு தூரம்தான். அந்த நேரத்துக்குத் திருச்செந்தூர் பஸ் வந்து இருபது நிமிஷம் நிக்கும். நான் நடுவுல நின்னேன். எட்டு வருஷம் ஆச்சு அண்ணாச்சி, அந்தத் தொண்டையைத் தொறந்து. தொறந்தேன்.

‘கோயில் அசனம், கோயில் அசனம், கோயில் அசனம். கறிச்சோறு. டோக்கன் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். யாரும் வரலாம். நடந்து போற தூரம். வாங்க, வாங்க, வாங்க.’

பஸ்ல பாதிப் பேரு இறங்கிட்டான். டிரைவரும் கண்டக்டரும் கூட. எவர்சில்வர் பாத்திரம் விக்கிறவன் மூட்டையோட வந்தான். செங்கல் சூளையில வேலை செய்ய வடக்கேருந்து வந்த ஆளுக பத்துப் பன்னெண்டு பேரு, நான் சொன்னது விளங்கலைன்னாலும் கையைப் பாத்து விளங்கிக்கிட்டான். பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போறவிய ஒரு கூட்டம் மரத்தடியில காலை நீட்டி உக்காந்திருந்தாவ. அதுல பெரியவரு ஒருத்தரு, ‘நாங்க விரதம், கறி சாப்பிட மாட்டோம், மோரு கிடைக்குமா’ன்னாரு. கிடைக்கும், வாங்கன்னேன். ஒரு வண்டி ஆளு சேந்துட்டு. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். சோறு பத்தவே பத்தாது.

அப்பதான் டீக்கடை பெஞ்சுல இருந்து ஒரு சத்தம். ‘யாரும்னா யாரும்தானா?’

கமாலியேல். என் கூடப் பிறந்த தம்பி. பக்கத்து வீடுதான். அப்ப அவனுக்கும் எனக்கும் பதினோரு வருஷமா பேச்சு கிடையாது. என்னன்னு சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. திருமண்டலப் பெருமன்றத் தேர்தல்ல நான் நின்னேன். ஒரே ஒரு ஓட்டுல தோத்தேன். அந்த ஒரு ஓட்டு இவன்தான்னு எல்லாரும் சொன்னாவ. இவன் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்புனேன். அவன் கோயிலுக்கு வாறதையே விட்டுட்டான். அம்மா செத்த அன்னைக்குக்கூட அவன் அந்தப் பக்கம் நின்னான், நான் இந்தப் பக்கம் நின்னேன்.

நான் அவனைப் பாக்கலை. பஸ் போர்டைப் பாத்தேன். அம்பது பேரு என் வாயைப் பாத்துக்கிட்டு நிக்காவ. இவன் ஒருத்தனைத் தவிரன்னு எப்படிச் சொல்ல? தொழில்னு ஒண்ணு இருக்குல்லா. ஓடுற பஸ்ல ஒருத்தனை மட்டும் ஏத்தாதேன்னு எந்த ரூல்ல இருக்கு?

‘எல்லாரும்தான்’னேன், போர்டைப் பாத்துக்கிட்டே.

அவன் டீ கிளாஸை வச்சிட்டு எந்திரிச்சான்.

கூட்டத்தை இழுத்துக்கிட்டு வாரேன். பாலத்துகிட்ட வரும்போது ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆளுக வந்து சேந்துட்டாவ. சேதி எப்படித்தான் போச்சோ. தூக்குவாளி யாரு கையிலயும் இல்ல. கையை வீசிக்கிட்டு வந்தாவ, பொம்பளைங்க நல்ல சேலை கட்டியிருந்தாவ. வாங்கிட்டுப் போற ஆளு அப்படி வராது. உக்காரத்தான் வாராவன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிட்டு. நான் என்ன சொல்ல முடியும், முன்னால நடந்தேன்.

ஐயர் முகத்துல பயத்தைப் பாக்கணும்னு வேகமா உள்ள போனேன். அவரு பந்தல்ல நின்னு கூட்டத்தைப் பாத்தாரு. யாரு கூப்பிட்டதுன்னு கேட்டாரு. பஸ் டிரைவர் என்னைக் கையைக் காட்டிட்டான். மனுஷன் நேரா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டாரு. கண்ணு கலங்கியிருக்கு.

‘நான் ரெண்டு வருஷமா பேச மட்டும்தான் செஞ்சேன், செயலர்’னாரு.

நான் கையை உருவப் பாத்தேன், விடலை. என்னத்தச் சொல்ல? நான் உம்மைக் கவுக்கத்தான் கூட்டிட்டு வந்தேன் ஐயரேன்னு எல்லார் முன்னாலயும் சொல்ல முடியுமா? தரையைப் பாத்தேன். அது அவருக்குத் தாழ்மை மாதிரித் தெரிஞ்சிருக்கு. அங்கியைக் கழட்டி வச்சிட்டு வேட்டியை மடிச்சிக் கட்டிக்கிட்டுப் பாயைத் தூக்கிட்டு ஓடுதாரு, எனக்கும் ஒரு பாயைத் தந்துட்டாரு. விரிச்சேன். இலையைத் தந்தாரு. போட்டேன்.

செல்வின் அண்ணாச்சி செகப்பு டோக்கனைத் தூக்கிக் காட்டிக்கிட்டே வந்தாரு. ‘எலியாசர், என் எடத்துல ஒருத்தன் உக்காந்திருக்கான்.’ அவரு எடத்துல பச்சை வேட்டிப் பெரியவர் உக்காந்திருக்காரு. ‘ஐயர்கிட்ட கேளுங்க’ன்னேன். அவரு கேக்குறதுக்குள்ள அந்தப் பெரியவரு கொஞ்சம் நகந்து, ‘இங்கன உக்காருங்க, எடம் கெடக்கு’ன்னு பாயைத் தட்டிக் காட்டுனாரு. செல்வின் அண்ணாச்சி அஞ்சு நிமிஷம் நின்னு பாத்தாரு. பசி. உக்காந்துட்டாரு. பக்கத்து இலைக்காரரு வேண்டாம்ன கறியும் சேந்து அவருக்கு ரெட்டைப் பங்கு. அப்புறம் அவரு டோக்கன் பேச்சே எடுக்கலை. ரெண்டு பேரும் மூட்டு வலிக்கு என்ன எண்ணெய் தேய்க்கன்னு பேசிக்கிட்டிருந்தாவ.

ரெண்டாவது பந்தி பாதியில அண்டாவைக் கரண்டி வச்சித் தட்டுற சத்தம் கேட்டுது. அடி தட்டிட்டு. சமையல்காரர் என்னைப் பாத்துக் கையை விரிச்சாரு. இன்னும் நூறு பேரு நிக்காவ. மஞ்சள் டோக்கன், வெள்ளை டோக்கன், டோக்கனே இல்லாதவன், எல்லாரும். நான் தூணுல சாஞ்சிக்கிட்டு ஐயரைப் பாத்தேன். இப்ப என்ன செய்வீரு? இதுக்குத்தான் நான் வெயில்ல நின்னு கத்துனேன். ஐயர் முகம் வெளுத்துட்டு. நெசமாவே வெளுத்துட்டு. ஆனா, அதைப் பாத்தா சந்தோஷமா இருக்கும்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. வெயில் ஒத்துக்கலை போல.

அந்த நேரம் பாத்து ஞானக்கனி பந்தியில இருந்து எந்திரிச்சா. சேலையை இழுத்துச் சொருகுனா. ‘வீட்டுல இருக்கிறதைக் கொண்டு வாங்கட்டீ’ன்னு பெண்கள் பக்கம் பாத்து ஒரு சத்தம் குடுத்தா. அவ்வளவுதான். ஒரு கால் மணி நேரத்துல எங்கெங்க இருந்தோ பானையும் சட்டியும் வருது. அசனத்தன்னைக்கு எந்த வீட்டுலயும் சமையல் கிடையாதுன்னுல்லா நான் நினைச்சேன். காலையில சுட்ட இட்லி, பழைய சோறு, தயிரு, மாங்கா ஊறுகாய், அவியல். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க ஓடிப் போய்க் கேப்பைக் களி ஒரு பெரிய சட்டி, கருவாட்டுக் குழம்போட கொண்டு வந்துட்டாவ. அதை முதல்ல கை நீட்டி வாங்குனது யாருன்னு நினைக்கிய? செல்வின் அண்ணாச்சி சம்சாரம். ரைஸ்மில் வீட்டம்மா. சின்ன வயசுல சாப்பிட்டது, எத்தனை வருஷமாச்சுன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு உருண்டை சாப்பிட்டாவ. எந்த இலையில எந்த வீட்டுச் சோறுன்னே தெரியலை. ஒரு ஒழுங்கு உண்டா? கிடையவே கிடையாது. நான் பதினஞ்சு வருஷமா கட்டிக் காத்த ஒழுங்கு, ஒரே மத்தியானத்துல களியும் கருவாடுமா போயிட்டு.

எல்லாரும் சாப்பிட்டாவ. நாலு மணிக்கு நான் ஒருத்தன்தான் பாக்கி. வாளி தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழண்டு போச்சு. பந்தல் ஓரமா உக்காந்தேன். எதுத்தாப்புல ஒரு இலை வந்து விழுந்துது. அதுல சோறு. பொறவு புளிக்குழம்பு. நிமிந்து பாத்தா கமாலியேல். கையில அவன் வீட்டு ஈயச்சட்டி.

‘உப்பு தூக்கலா இருக்கும். அவ கை அப்படி’ன்னான்.

‘பரவாயில்ல’ன்னேன்.

ரெண்டு வாய் சாப்பிட்டேன். பதினோரு வருஷமா வாய்க்குள்ள வச்சிருந்ததைக் கேட்டுட்டேன். ‘அந்த ஓட்டு நீதானாலே?’

‘நான்தான்’னான். ‘நீ ஜெயிச்சிருந்தா ஒன்னைப் பிடிச்சி நிறுத்த முடியாது. இப்ப நின்னாலும் அப்படித்தான் போடுவேன். குழம்பு ஊத்தவா?’

நியாயமா பாத்தா நான் இலையை மடக்கிட்டு எந்திரிச்சிருக்கணும். அப்படித்தான் எந்திரிக்கணும்னு பதினோரு வருஷமா நினைச்சி வச்சிருந்தேன். பசியில புத்தி வேலை செய்யுமா?

‘ஊத்து’ன்னேன்.

மூணு தடவை ஊத்துனான். உப்பு நெசமாவே தூக்கல்தான். அம்மா கைக்கும் உப்பு தூக்கல்தான். சாப்பிட்டு முடிச்சி ரெண்டு பேரும் அண்டாவைக் கழுவப் போட்டோம். மறுநாள் காலையில பாக்கேன், சுவருல மேல் வரிசைச் செங்கல் அஞ்சாறை எடுத்து அடுக்கி வச்சிக்கிட்டிருக்கான். கேட்டா, வேர்வையா இருக்கு, காத்து வரட்டும்ங்கான். சரி, காத்து எனக்கும் வேணும்தானே. நானும் ஒரு வரிசை எடுத்துக் குடுத்தேன். ஒரு வாரத்துல முழங்கால் அளவுக்கு வந்துட்டு. இப்ப அதுல உக்காந்துதான் பேப்பர் படிக்கோம்.

இதுல என் மனக்குறை என்ன தெரியுமா அண்ணாச்சி? அந்த வெயில்ல நின்னு தொண்டை கிழியக் கூப்பிட்டது நான். பேரு யாருக்கு? ஐயருக்கு. சுத்துப்பட்டு ஊரெல்லாம், அருமைநாயகம் ஐயர் வச்ச அசனம், அருமைநாயகம் ஐயர் வச்ச அசனம்னு சொல்லுதாவ. அவரு மேடையில என் பேரைச் சொல்லத்தான் செஞ்சாரு. நான்தான் தலையைக் குனிஞ்சிக்கிட்டேன். ராஜ்யத்தை வம்புக்கு இழுத்துட்டு வந்தாலும் அது வந்துரும் போலருக்குன்னு ஒரு நாள் என்னைப் பாத்துச் சொல்லிட்டுச் சிரிச்சாரு. ஒருவேளை அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தெரிஞ்சா கேட்டிருக்கணும்லா? கேக்கவும் மாட்டாரு. இதுவும் அவருகிட்ட உள்ள ஒரு கெட்ட குணம்தான்.

அந்த மனு ஒம்பது மாசம் எங்கேயோ தூங்கிக்கிட்டிருந்துது. இப்ப முழிச்சிருக்கு. போன வாரம் மாறுதல் உத்தரவு வந்துட்டு. நல்ல மனுன்னுதான் சொன்னேனே. சேதி கேட்டதுல இருந்து ஞானக்கனி சோத்தை வச்சிட்டு என் முகத்தையே பாக்கா. மனுவுல உள்ள கையெழுத்து யாரோடதுன்னு அவளுக்கும் தெரியும்லா.

சரி, நடுநிலையா சொல்லுதேன். இவரு உங்க ஊருக்கு ஒத்து வர மாட்டாரு. உங்க ஊர்ல டோக்கன் உண்டா? உண்டு. செகப்பு கிடையாது, நீலமா? எந்தக் கலரா இருந்தாலும் கிழிச்சிருவாரு. உங்க ஊர்ல ஒருத்தருக்கொருத்தர் பேசாத வீடு எத்தனை இருக்கும்? ஏழெட்டு. ஒண்ணை விட்டு வைக்க மாட்டாரு. சுவரு எல்லாம் வீணாப் போகும். கமிட்டி மெம்பரை இலை போட வைப்பாரு. உங்களைத்தான் சொல்லுதேன். உங்க வீட்டம்மா உங்களைப் பாத்துச் சிரிப்பாவ. எதுக்கு இந்தத் தொந்தரவு? இந்த மனுஷனை வச்சி நாங்க ஏற்கனவே பழகிட்டோம். இனிமேலும் நாங்களே கஷ்டப்பட்டுக்கிடுதோம். நீங்க வேற நல்ல அமைதியான ஐயரா கேட்டு வாங்கிக்கிடுங்க.

மணி அஞ்சாகுது. அவரு வாறதுக்குள்ள நீங்க கிளம்பிரணும். அவரு முகத்தைப் பாத்துட்டியன்னா, உங்களுக்குப் புடிச்சிரும், அப்புறம் நான் என்ன சொன்னாலும் ஏறாது. அஞ்சு பத்துக்கு உங்க ஊருக்குப் பஸ் இருக்கு, முன் பக்கமா ஏறுங்க, எடம் கிடைக்கும்.

ஒரு நிமிஷம். இந்தத் தாளைப் பிடிங்க. உங்க சபை சார்பா திருமண்டல ஆபீஸுக்கு ஒரு மனு போட்டிருவோம். மனு எழுதி எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஒரு பொய்யும் எழுத வேண்டாம், எழுதுனதும் இல்ல. ‘மேற்படி குருவானவர் எங்கள் ஊருக்கு வந்தால் தேவனுடைய ராஜ்யமும் கூடவே வந்துவிடும் என்று அஞ்சுகிறோம். அதற்கு எங்கள் சபை இன்னும் தயாராகவில்லை.’ சரியா இருக்கா? இங்கன, இந்தக் கோட்டுக்கு மேல, கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி.